அபராத நோட்டு

எண்பது பக்க நோட்டு. பின்னட்டையில் வாய்ப்பாடு.
ஆறாம் வகுப்பில் என் மகன் பாதியில் விட்டது.
முன்பாதியில் அவனுடைய வகுத்தல் கணக்கு,
மீதி எழுதாமல்.
பின்பாதியில் காட்டுக் கணக்கு.

காடு என்றால் நம்ப மாட்டீர்கள்.
எண்ணூரில் ரயிலை விட்டு இறங்கினால்
தெரிவது புகைபோக்கிதான்.
அதற்கும் பின்னால், கடலைத் தொடுமுன்
ஆறு கொஞ்சம் தயங்கும் இடத்தில்
முழங்கால் சேற்றில் நிற்கிறது கண்டல்.
எங்கள் ஐந்து குப்பத்துக்கும் பொது.
பட்டா கிடையாது. வேலி கிடையாது.
பச்சைக் கிளை ஒன்றுக்கு இருநூறு,
மரம் என்றால் ஐந்நூறு, பத்து நாள் பாடும் போகும்.
தானாய்க் காய்ந்து விழுந்த சுள்ளி
எடுத்தவருக்கு.
இறால் குஞ்சு ஒதுங்கும் மாசத்தில்
அதற்குக்கூட உள்ளே போகக் கூடாது.

*ஆடி பன்னிரண்டு. த. துளுக்காணம். ரெண்டு கிளை. ஆட்டுக்காம். கட்டிவிட்டான்.*
*ஐப்பசி மூணு. காத்தாயி. ஒண்ணு. தங்கச்சி பிரசவம், வெந்நீர். பாதி தள்ளுபடி.*
*மார்கழி இருபது. தேசராணி. மூணு கிளை. சிலிண்டர் இல்லை, மழை.*

தேசராணி நான்தான்.
யாரும் பார்க்கவில்லை.
நேர்மையானவள் என்று நோட்டை என்னிடம் தரவில்லை;
எழுதத் தெரிந்தவர்களில்
அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருத்தி.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும்.
சாம்பல் குழாய் மூட்டு விட்டுவிட்டது.
ராத்திரி முழுக்க கொட்டியிருக்கிறது.
விடிந்து பார்த்தால் மேற்கு ஓரம்
மாவு சலித்தமாதிரி கிடந்தது.
மூச்சுவேர் ஒன்றுகூட வெளியே இல்லை.
எட்டியப்பன் படகைத் தள்ளிக்கொண்டே எண்ணினான்.
முதலில் மரம் மரமாக.
அப்புறம் வரிசையாக.
அப்புறம் துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டு
கழியை மட்டும் ஊன்றினான்.

நோட்டைத் திறந்தேன்.
தேதி போட்டேன்.
எத்தனை மரம்?
ஐந்நூறால் பெருக்க அட்டையைத் திருப்பினேன்.
வாய்ப்பாடு பதினாறோடு முடிகிறது.
பேர்?
"கம்பெனின்னு போடுக்கா."
எந்தக் கம்பெனி? அப்பன் பேர் என்ன?
இங்கே துளுக்காணமே மூணு பேர்,
இனிஷியல் இல்லாமல்
யாரையும் நான் எழுதினதில்லை.
கடைசியில் குழாய்மேல் சிவப்புப் பெயிண்டில் இருந்ததை
அப்படியே பார்த்து எழுதினேன்:
*வரிசை ரெண்டு, தூண் நூற்றிப் பதினேழு.*

அமாவாசைக் கூட்டம், எல்லையம்மன் கோயில் மணலில்.
ஆள் வராவிட்டால் மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம்.
முதலில் என் பேர்.
எழுந்து நின்றேன். அறுநூறு கட்டினேன்.
எனக்கு நானே ரசீது கிழித்துக்கொண்டேன்.
அடுத்து, வரிசை ரெண்டு, தூண் நூற்றிப் பதினேழு.
எல்லோரும் சிரித்தார்கள்.
இரண்டாம் தடவை பிள்ளைகள் மட்டும்.
மூன்றாம் தடவை எட்டியப்பன் எழுந்து
ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று கூப்பிட்டான்,
கடலில் தப்பிப்போன படகைக் கூப்பிடுகிற குரலில்.

*வரவில்லை* என்று எழுதினேன்.
மாசியிலும் அதையே எழுதினேன்.
பங்குனிக் கூட்டத்துக்கு எட்டியப்பன் தொண்டை கட்டிக்கொண்டது,
காத்தாயி கூப்பிட்டாள், இடுப்பில் பிள்ளையோடு.
நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் இருக்கிறது.