விழுந்த காசு

வியாழன் காலை பத்துக்கு ரொசித்சா வருவாள்.
இரண்டு மணி நேரம். மணிக்குப் பதினாறு பவுண்டு.
பணத்தைக் கையில்தான் கொடுப்பேன்,
கடிகாரத்துக்கு அடியில் வைப்பதில்லை.
கடிகாரத்துக்கு அடியிலிருந்து
முப்பத்தெட்டு வருடம் எடுத்தவள் நான்.
கிர்க்கால்டியின் மேட்டுத் தெருக்களில்
என் முழங்கால் படாத கல்படி குறைவு.

ஜனவரியில் அவள் கேட்காமலே
ஒரு பவுண்டு கூட்டினேன்.
கூலி கேட்கும் சொல்
தொண்டையில் எத்தனை நாள் கிடக்கும்
என்று எனக்குத் தெரியும்.

இடுப்பெலும்பை மாற்றிய பிறகு
"இனிக் குனியாதீர்கள், இஷ்பல்" என்றார் மருத்துவர்.
குனிந்தே பழகிய உடம்பு இது,
நிமிர்ந்து என்ன செய்யும் என்று
கேட்க நினைத்து, சரி என்றேன்.

தோட்டத்துக்கு ஸ்ட்ரூவன்.
அவனிடம் எனக்குக் கூச்சமில்லை.
புல் ஊரறிய வளர்கிறது;
இன்னொருவர் வெட்டினால் என் மானம் போகாது.
போன மாதம் களை என்று நினைத்து
ருபார்பில் பாதியைப் பிடுங்கிவிட்டான்.
திட்டினேன். தேநீர் கொடுத்தேன். மறுபடியும் திட்டினேன்.
இருபது பவுண்டை எண்ணாமலே பையில் திணித்து
சீட்டியடித்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குள் அப்படி இல்லை.
அவள் குளியலறையைத் தேய்க்கும் சத்தம் கேட்கையில்
நான் எங்கே உட்காருவது?
செய்தித்தாளின் ஒரே வரியில் இருக்கிறேன்.
புதன் இரவே கோப்பைகளைக் கழுவி
தலையணை முடியைப் பொறுக்கி
கழிப்பறையை ஒருதரம் தேய்த்து வைத்துவிடுகிறேன்.
இரண்டு பேர் செய்யும் வேலை,
ஒருத்திக்குத்தான் கூலி.

போன வியாழன்
சாய்வு நாற்காலியை நகர்த்தினாள்.
கம்பளத்தைப் புரட்டினாள்.
ஓர் இரண்டு பவுண்டு நாணயம்.
எடுத்தாள். ஏப்ரனில் துடைத்தாள்.
என் பக்கத்து மேசையில்
சத்தம் வராமல் வைத்தாள்.

அந்த முகம் எனக்குத் தெரியும்.

அறுபத்து நாலு, நவம்பர்.
திருமதி கார்ஸ்டேர்ஸின் முன்னறை.
கம்பளத்தின் மூலைக்கு அடியில் ஓர் அரை கிரவுன்,
மூலைக்குச் சரியாக நடுவில்.
விழுந்த காசு அப்படிப் படுக்காது.
எனக்கு இருபது வயது. வீட்டில் நிலக்கரி இல்லை.
எடுத்துக் கணப்பின் மேல் வைத்தேன்,
சத்தம் வராமல்.
"அடடா, விழுந்துவிட்டதா" என்றாள்.
"ஆமாம் அம்மா" என்றேன்.
அடுத்த வாரமும் ஒன்று விழுந்தது.
மூன்றாவது வாரம் எதுவும் இல்லை.
அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது,
ஏனென்று இன்னும் தெரியாது.

"அது நிஜமாகவே விழுந்தது, ரொசித்சா,
ஸ்ட்ரூவனுக்கு எண்ணும்போது..."
"ஆமாம், மிசஸ் ரென்னி" என்று
தலையாட்டினாள்.
எவ்வளவு மரியாதையான தலையாட்டல்.
அதற்கு மேல் சொல்லச் சொல்ல
உண்மை பொய்யாகத்தான் கேட்கும்.

நேற்று இரவு, மருத்துவர் பேச்சை மீறி,
டார்ச்சோடு மண்டியிட்டேன்.
நாற்காலி அடியில், கட்டில் அடியில்,
வேறு காசு ஏதும் கிடக்கிறதா என்று.
ஒரு சட்டைப் பொத்தான். ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை.
காசு இல்லை.
எழ முடியவில்லை.
ஒன்பது அடித்த கடிகாரம்
பத்தும் அடிக்கும்வரை
கன்னம் தரையில் பட அங்கேயே கிடந்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
பாத்திர அலமாரிக்கு அடியில், சுவரோரம்,
பூனைக்குட்டிபோலச் சுருண்டு
ஒரு முழம் தூசி.
ஒரு வருடத் தூசி.
அவள் தொட்டதே இல்லை.

தரையில் கிடந்தபடியே சிரித்தேன்,
இடுப்பு வலிக்க.
கார்ஸ்டேர்ஸ் வீட்டு அலமாரிக்கு அடியில்
நானும் கைவிட்டதில்லை.