வில்லங்கம் இல்லை

இருபது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள்.
ஒன்றுமில்லை.
அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பங்காளி இல்லை.
பதினாறு வருடம் என் பேரில் கிடந்த ஐந்தரை சென்ட்,
சுத்தமாக இருந்தது,
யாரும் படுக்காத ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி.

ஒத்தக்கடை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
தகரக் கொட்டகையில்
பத்திர எழுத்தர் தவமணி மூச்சு விடாமல் வாசிக்கிறார்:
நார்வே நாடு ஆஸ்லோ நகரில் வசிக்கும்
சோலைமலை மகள் பஞ்சவர்ணம் ஆகிய நான்
என் சுயசம்பாத்தியத்தில் கிரையம் பெற்று
என் அனுபவத்தில் இருந்துவரும்…

அனுபவத்திலா?
மூன்று முறை பார்த்திருக்கிறேன்.
வாங்கிய அன்று, செருப்பில் நெருஞ்சி ஏற.
அண்ணன் மகள் கல்யாணத்தின்போது, காரை விட்டு இறங்காமல்.
பிறகு நேற்று.

செல்போன் வரைபடத்தைச் சேர்த்தால் ஆயிரம் தேறும்.
பனி கொட்டும் ராத்திரிகளில்
விரலால் விரித்து விரித்து
யானைமலை முதுகிலிருந்து இறங்கி
நாற்பத்திரண்டாம் மனைக்கு வந்து சேர்வேன்.
ஒரு வருஷம் அதில் நீலமாக ஏதோ தெரிந்தது.
ஆக்கிரமிப்பு என்று அண்ணனை நடுச்சாமத்தில் எழுப்பினேன்.
போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
எவனோ நெல்லுக் காயப்போட்ட தார்ப்பாய்.
நல்லாத்தான் காயுது, விடு.

வீடும் கட்டினேன், காகிதத்தில், ஏழு தடவை.
முதல் படத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை.
நாலாவதில் அதில் புத்தக அலமாரி.
ஏழாவதில் மாடிப்படியை எடுத்துவிட்டேன்,
முழங்காலை நினைத்து.

நிதி நிட்சேப ஜல தரு பாஷாண…
தவமணியின் குரல் இங்கே கொஞ்சம் ராகம் பிடிக்கிறது.
புதையலை விற்கிறேன். தண்ணீரை, கல்லை விற்கிறேன்.
தரு என்று இருப்பது
பக்கத்து மனைக்காரர் வைத்த முருங்கை,
என் பக்கம் சாய்ந்த கிளை மட்டும்.
அதையும் விற்கிறேன்.

வாங்குகிறவள் ரஹ்மத் நிஷா.
நரசிங்கத்தில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறாள்.
நான் வெளிநாட்டுக்காரி, வரிப்பிடித்தம் கூடுதல்.
அதைச் சொல்ல அவள்தான் கூச்சப்பட்டாள்.

நேற்று மனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
வேறு எதுவும் கேட்காமல் இதைக் கேட்டாள்:
"காத்து எங்கிட்டிருந்துக்கா வரும்?
நாலு கிரைண்டர் போடணும், சூடு தாங்காது.
சன்னல எங்கிட்டு வைக்க?"

சுரங்கப்பாதைகளுக்குக் காற்றுக் கணக்கிடுவது என் பிழைப்பு.
மலைக்கு அடியில் ஏழு கிலோமீட்டர்,
நடுவில் ஒரு லாரி தீப்பிடித்தால்
புகை எத்தனை நொடியில் எந்த வாயில் பக்கம் ஓடும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
என் மனையின் நடுவில் நின்றுகொண்டு
தெரியலையே என்றேன்.

நிஷா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி
மெதுவாக விட்டுப் பார்த்தாள்.
வைகாசி மத்தியானம்.
மண் நேராகக் கீழே விழுந்தது.
"பொழுதெறங்க வந்து பாத்துக்கிறேன்" என்றாள்.

இன்று அலுவலகத்தில்
மாவில் தேய்ந்த அவள் கட்டைவிரலை
கருவி மூன்று தரம் மறுத்தது.
என்னுடையது முதல் அமுக்கிலேயே விழுந்தது.
இரண்டு பேரையும் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.
முடிந்தது.

படி இறங்கும்போது சொன்னாள்:
"மேக்கயிருந்துக்கா. கம்மாப் பக்கம்.
ஆறு மணிக்கு மேல சும்மா அள்ளுது."

அந்த நிலத்தைப் பற்றி
எனக்குத் தெரியவந்த முதல் செய்தி.
அது என் கையைவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

தவமணியிடம் பேனா வாங்கினேன்.
மேற்கே தாழ்வாக ஒரு சன்னல்,
கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி இரண்டு துவாரம்,
சூடு ஏறி அது வழியாகப் போகும்,
கிரைண்டரை இந்த மூலையில் போடாதே என்று
அம்புக்குறி இட்டு வரைந்து கொடுத்தேன்.
எட்டாவது படம்.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் டீக்கடைக் கணக்கு:
ஆறு டீ, நாலு வடை.
"இத யாரு குடுக்கிறது?" என்றாள்.