அடுத்தடுத்த வரி

குன்னூர் கீழ் பஜாரில்
ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும் மருந்துக்கடை.
கீழ்த்தட்டில் மாத்திரை, மேல்தட்டில் டப்பா.
கறுப்பு டப்பாக்கள், பொன்னெழுத்து,
மூடியில் வாய் பிளந்த ஏதோ ஒரு மிருகம்.
கீழே இருப்பது வாடகைக்கு, என்பார் முதலாளி,
மேலே இருப்பது என் மகள் கல்யாணத்துக்கு.

யோகநாதனுக்கு மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் வேலை.
நாற்பத்திரண்டு வயது, வெலிங்டனில் ஜிம்.
ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும்;
பெட்டிக்கு ஒருவர் முன்தளத்தில் நின்று
விசிலுக்குக் காதுகொடுத்துப் பிடிக்க வேண்டும்.
இதெல்லாம் அவர் சொன்னது,
ஐந்நூறுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன் அப்போது.

ஆடி மாதச் சாரலில் நனைந்த சீட்டு.
மெட்டோப்ரோலால் ஐம்பது, காலையில் ஒன்று.
கேட்க வேண்டியதைக் கேட்டேன்:
"வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"
"ஒண்ணும் இல்லம்மா."
சொன்ன வாயோடு விரல் மேலே போனது.
"அப்படியே அந்த ஆரஞ்சு ருசி டப்பா ஒண்ணு."

அது பொய் இல்லை.
மருந்து நோய்க்கு. டப்பா உடம்புக்கு.
நோயும் உடம்பும் ஒரே சட்டையைத்தான் போட்டிருந்தன,
என் கண் முன்னால், ஈரமாக.
ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுத்தேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம்
ஜிம்மில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி கலக்கிக் குடித்து
நேரே வண்டிக்குப் போயிருக்கிறார்.
இறங்குகிற வண்டி ஹில்குரோவில் நின்றபோது
ஒரு குரங்கு யாருடைய வடையையோ பறிக்க
எல்லோரும் சிரிக்க
இவர் மட்டும் படியில் உட்கார்ந்து
தன் மார்பைத் தானே அழுத்திக்கொண்டிருந்தாராம்.
அவர் பெட்டியை வேறொருவர் பிடித்தார்.

ஆஸ்பத்திரி, காகிதத்தில் கோணல் மாணல் கோடுகள்,
இரண்டு நாள் படுக்கை.
மூன்றாம் நாள் கடைக்கு வந்தார்.
கண்ணாடி மேஜையில் பட்டையை வைத்தார்,
பக்கத்தில் டப்பாவை வைத்தார்.
"இது ரெண்டுக்கும் ஒண்ணையொண்ணு தெரியுங்களா?"

டப்பாவைத் திருப்பினேன்.
எறும்பு எழுத்து. காஃபீன், கரண்டிக்கு முந்நூறு மில்லி கிராம்.
அதற்கடியில் ஒரு மரப்பட்டையின் பெயர்,
தேர்வுக்கு மனப்பாடம் செய்து
தேர்வறையிலேயே விட்டுவந்த பெயர்.
நான் பேசவில்லை. அவர்தான் பேசினார்.
"தள்ளுறதும் நீங்க குடுத்தது.
பிடிக்கிறதும் நீங்க குடுத்தது."
கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பாதி டப்பாவுக்குப் பணம் திரும்பக் கேட்டார்.
சீல் உடைத்ததை எடுப்பதில்லை என்றார் முதலாளி.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கம்ப்யூட்டரில் பழைய பில்லைத் தேடி எடுத்தேன்.
மருந்துக்கு ஒரு வரி, டப்பாவுக்கு ஒரு வரி;
அரசாங்கம்கூடப் பிரித்துத்தான் வைத்திருந்தது.
ஆனால் அடுத்தடுத்த வரியில்,
இடையில் ஒரு மயிரிழை வெள்ளைக் காகிதம்.
கீழே என் இனிஷியல்.

இப்போதெல்லாம் கேள்வியை மாற்றிவிட்டேன்.
பவுடர்? சத்து மாத்திரை? தண்ணியில கரைக்கிறது?
ஜிம்காரர் குடுத்தது?
முதலாளி இருமுவார்.
கட்டபெட்டு பி.டி. டீச்சர் முறைத்தார், பிறகு சொன்னார்:
தைராய்டு மாத்திரையும் கால்சியமும்
ஒரே மடக்கில், விடிகாலை ஐந்து மணிக்கு, ஓடப் போகுமுன்.
ஆறு மாதமாக டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்,
ஐம்பது, எழுபத்தைந்து, நூறு.
நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க என்றேன்,
டாக்டரிடமும் சொல்லச் சொன்னேன்.
"அதுகூடவா சொல்லணும்?" என்றார்.

நான் மட்டும் என்ன.
ரத்தம் குறைவென்று எனக்கும் இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறது.
பதினொரு மணிக்குப் பையன் கிளாஸ் கொண்டுவருவான்,
அதோடுதான் விழுங்குவேன்.
தேயிலை இரும்பை விடாது என்று
படித்துப் பட்டம் வாங்கியவள்.
போன வாரம் பெண் டாக்டர் கேட்டார்,
வேற ஏதாவது எடுக்கிறீர்களா என்று.
ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும்
வரி வரியாகப் பச்சை.
இல்லை டாக்டர் என்றேன்.