நல்ல ஃபவுல்

எண்பத்தொன்பதாம் நிமிடம்.
ஒன்று – பூஜ்யம். அந்த ஒன்று எங்களுடையது.
மன்னார்குடி மைதானத்தின் தென்மேற்கு மூலை விளக்கு
அரைமணி நேரமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
அந்த அரையிருட்டிலிருந்துதான் வந்தாள் அடைக்கலமேரி.
என்னைத் தாண்டிவிட்டாள்.
பந்து அவளுக்கு இரண்டு முழம் முன்னால்,
கூப்பிட்டால் வரும் தூரத்தில்.

எனக்கென்று மிச்சமிருந்தது
அவளுடைய சட்டை மட்டும்.

பிடித்தேன்.

கை தவறிப் பட்டதென்று சொல்ல மாட்டேன்.
யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது.
பெட்டிக்கு வெளியே நாலடி, பெனால்டி கிடையாது.
வலப்பக்கம் பூரணி ஓடிவருகிறாள்,
கடைசி ஆள் நானில்லை, சிவப்பு வராது.
இந்தத் தொடரில் இதுவரை மஞ்சளும் வாங்கவில்லை.
கடைக்காரர் சொன்ன விலையைப்
பேரம் பேசாமல் எடுத்துக் கொடுக்கிற மாதிரி
கொடுத்தேன்.

நடுவர் அட்டையைத் தூக்கினார்.
நான் தலையாட்டினேன்,
ரசீது வாங்கிக்கொண்டவள் போல.

ஃப்ரீகிக் எங்கள் சுவரில் தெறித்து
பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.
விசில்.
கோச் அக்கா என் பிடரியில் தட்டி
"நல்ல ஃபவுல்டி" என்றாள்.
கோல் போட்ட ரெஜினாவை விட
என்னைத்தான் நிறையப் பேர் கட்டிக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
எழுபதாம் நிமிடம்
எங்கள் வித்யாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
புல்லில் கிடந்து துடித்தாள். நடுவர் பார்க்கவில்லை.
பந்து அடைக்கலமேரியிடம். எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைவு.
திரும்பிப் பார்த்தவள்
பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாள்.
எந்த விதியும் அதை அவளிடம் கேட்கவில்லை.
சனம் கைதட்டியது.
நாங்களும் மரியாதையாகப் பந்தைத் திருப்பிக் கொடுத்தோம்,
அவர்களுடைய கார்னர் கொடியருகே,
ஓடிப்போய் எடுப்பவளுக்கு மூச்சு வாங்கும்படி.
திருப்பிக் கொடுத்ததுதான்.
யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் சித்தப்பா ஒரு குறுவையில்
முறை இல்லாத இரவில்
பக்கத்து வயல் மடையை அடைத்துத்
தன் பக்கம் வெட்டிவிட்டார்.
பஞ்சாயத்து கூடி அபராதம் ஐந்நூறு என்றது.
மடியில் தயாராக வைத்திருந்தார்,
ஐந்து நூறு ரூபாய்த் தாள், மடிப்புக் கலையாமல்.
ஊருக்கு ஆத்திரம் வந்தது தண்ணீருக்காக இல்லை,
அந்த மடிப்புக்காக.
மறுவருஷம் அபராதத்தை ஆயிரமாக்கினார்கள்.
ஆயிரத்தையும் மடியில் வைத்திருந்தார்.
பக்கத்து வயல் அந்த வருஷமும் வெடித்துக் கிடந்தது.

ராத்திரி பஸ் ஸ்டாண்டில்
வேளாங்கண்ணி வண்டிக்கு நின்றார்கள் அவர்கள்.
அடைக்கலமேரி சட்டை மாற்றியிருக்கவில்லை.
தோள் தையல் பிரிந்து
ஒரு நூல் முழங்கை வரை தொங்கியது.
மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன்.
போகிற வழியிலேயே கால் பின்னியது.
அதே நிமிடம் திரும்பி வந்தால் விட்டுவிடுவேனா?
மாதச் சம்பளம் வாங்குகிறேன்,
யாரும் தாண்டிப் போகாமலிருக்கத்தான் அந்தச் சம்பளம்.

அவள்தான் முதலில் பேசினாள்.
"விடுங்கக்கா.
நானா இருந்தாலும் புடிச்சிருப்பேன்."
சிரித்தாள். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

எங்கள் வண்டி வடுவூர் தாண்டும்வரை
அந்தச் சொல்லை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.
மன்னிப்பு மாதிரிதான் இருந்தது.
ஆனால் எழுபதாம் நிமிடத்தில் பந்தை வெளியே தட்டியவள்
பேசுகிற பேச்சில்லை அது.
இடையில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மாசக் கடைசியில் நாகப்பட்டினத்தில்
மறுபடி இதே இரண்டு அணி.
எங்களில் யாருக்காவது கால் இழுத்துக்கொண்டால்,
பந்து அவளிடம் இருந்தால்,
ஒருதரம் திரும்பிப் பார்ப்பாளா?
நான் என் ஆளை விட்டுவிட்டு
அவளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.