நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

விற்பனைக்கு என்று எழுதிவிட்டு
அடுத்த வார்த்தைக்காக ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஆயிரம் சிசி. ஜப்பானில் செய்தது. கறுப்பு.
ஓடியது நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
ஒரே உரிமையாளர், பெண், கவனமாக ஓட்டியது.
பயத்துக்கு இஸ்திரி போட்டால்
அதுதான் கவனம்.

பூன்டா அரீனாஸில் காற்று
ஆளைக் கேட்டுக்கொண்டு அடிப்பதில்லை.
கோடை வந்தால் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த ஊரில், வரியில்லாக் கிடங்கில்
கண்ணாடிக்குப் பின்னால் நின்றது அது,
கப்பலில் வந்த ஸ்டிக்கர்கூட உரிக்காமல்.

நண்டு ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினோரு வருடம்
யாரோ பிடித்த நண்டை எண்ணிக்கொண்டிருந்தவள்
ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில்
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
அதற்கு முன் ஓட்டியது
தபால்காரன் உகார்த்தேயின் ஸ்கூட்டர்,
அதுவும் தேவாலய மைதானத்தில்.

"எந்த வண்டி?" என்றார் உரிமம் தந்த அதிகாரி.
சொன்னேன்.
முத்திரையை மையில் ஒற்றியவர்
மறுபடியும் ஒற்றினார்.

முதல் கியரிலேயே நூறைத் தாண்டும் அது.
இரண்டாவதை மரியாதைக்குப் போடுவேன்.
மூன்றாவது ஒரே ஒரு தடவை,
தெற்கே கோட்டைக்குப் போகும் சாலையில்.
இடப்பக்கம் நீரிணை.
வலப்பக்கமிருந்து மேல்காற்று
தோளால் ஓர் இடி இடித்தது.
எதிர்த் தடம் முழுக்கக் கடந்து
கடலோரக் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.
லாரி வரவில்லை.
அன்று லாரி வரவில்லை, அவ்வளவுதான்.
புல்லில் மேய்ந்த இரண்டு வாத்து
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி மேய்ந்தன.

ஆசை அறுபது நாள்.
தவணை முப்பத்தாறு மாதம்.

ஞாயிறுதோறும் துடைத்தேன்.
பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன்.
ஆலையில் கேட்டால்
வார இறுதியில் ஒரு சுற்று போனேன் என்பேன்.
சில இரவு கராஜில் விளக்குப் போடாமல்
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
சும்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.
விளம்பரத்தில் இதை எழுதவில்லை.

முதலில் வந்தவர்
பழைய குளிர்சாதன வேனுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார்.
அடுத்தது ஒரு பையன், பத்தொன்பது இருக்கும்,
டேங்கைத் தொட்டபோதே கண் கலங்கியது.
விற்றாகிவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பினேன்.
அவன் கைகள் என் கைகளைப் போலவே இருந்தன.

சனிக்கிழமை எலியேசெர் ஒயார்சூன் வந்தார்,
போர்வெனீரிலிருந்து படகேறி.
கையில் ஹெல்மெட், ஒரு பக்கம் உராய்ந்தது.
டேங்கைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை.
நேரே மண்டியிட்டு
பின் டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

அங்கே இருக்கின்றன
ஆலை அச்சில் முளைத்த ரப்பர் முடிகள்,
குழந்தையின் காதோரத்து முடிபோல,
ஒன்றுகூட உதிராமல்.
எந்த வளைவிலும் சாயாத டயர்.
தெரிந்தவனுக்கு அது போதும்.
என் நாட்குறிப்பை யாரோ
உரக்கப் படித்ததுபோல் காது சுட்டது.

எழுந்தார். விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.
"இந்தப் பக்கம் காற்று அதிகம், இல்லையா?"
"அதிகம்" என்றேன்.
பேரம் பேசவில்லை.
பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுபத்திரண்டு லட்சம் பெசோ.
இரண்டு சாவி,
ஒன்று இன்னும் பிளாஸ்டிக் உறையில்.
சமையலறைக்குள் வந்து கெட்டிலை வைத்தேன்.

முதலாவது, எங்கள் வாசலில்.
இரண்டாவது, ரொட்டிக்கடைத் திருப்பம்.
மூன்றாவது, பெட்ரோல் பங்க் தாண்டி.
இது வரைக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு நான்காவது.
கெட்டில் கொதித்ததை அணைக்காமல் நின்றேன்.
இரண்டு வருடம் என் கூரையின்கீழ் இருந்தது,
இப்படி ஒரு குரல் உண்டு என்று
சொல்லவே இல்லை.

ஐந்தாவதைக்
காற்று எனக்குத் தரவில்லை.