பதினைந்தாவது

ஆறு வருடமாக அவன் ஆண்.
பெயர் ஓட்டகர்.
கடைக்காரன் சொன்னதை நம்பி என் மகள் ராத்கா வைத்தது.
ரொட்டி சுடும் வேலைக்கு அவள் ராட்டர்டாம் போனபோது
கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு,
உறைந்த சுண்டெலி எண்பது
எல்லாம் என் தலையில் வந்து விடிந்தன.
வேண்டாம் என்று வாயெடுத்தேன்.
பேருந்து கிளம்பிவிட்டது.

ஒஸ்ட்ராவாவில் ஜனவரி என்றால்
டிராம் பணிமனையில் ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.
வீடு திரும்பிப் பார்க்கிறேன்:
மூன்று வாரமாய் எலியைத் தொடவில்லை.
சட்டையை வால்நுனிவரை கிழியாமல் உரித்துப் போட்டுவிட்டு
இரவெல்லாம் ஊர்கோலம்.
நாலு மூலையிலும் நாக்கை நீட்டி
எதையோ விசாரித்தபடி.

"வயதாகிவிட்டது அதற்கு" என்றாள்
கீழ்வீட்டு ஹ்லவாச்சோவா அம்மாள்.
எனக்கு ஐம்பத்தெட்டு.
பதில் சொல்லவில்லை.

செவ்வாய் விடிகாலை, ஈரப்பாசி டப்பாவில்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
பதினான்கு.

"ராத்கா, ஓட்டகர் முட்டை போட்டிருக்கிறா..."
இட்டான் என்று தொடங்கிய வாக்கியத்தை
இட்டாள் என்று முடிக்க
கொஞ்ச நேரம் பிடித்தது.
அந்தப் பக்கம் அடுப்பு இரைந்தது. அதற்கு மேல் அவள் சிரிப்பு.
"சேவல் இல்லாமலும் கோழி இடும்தானே அப்பா.
கூமுட்டை. தூக்கிப் போடு."

தூக்கிப் போடுகிற ஆளா நான்.
டிராமின் அடிவயிறு பார்க்கும் டார்ச்சை எடுத்து
ஒவ்வொன்றின் முதுகிலும் வைத்தேன்.
மஞ்சள்.
வெறும் மஞ்சள்.
ஒரு சிவப்பு நூல் இருந்தால்
அப்போதே கண்டுபிடித்திருப்பேன்;
முப்பது வருடம் ஒயர் தேடிய கண் இது.

அவளோ தண்ணீர் குடித்தாள்.
மரப்பட்டைக்கு அடியில் போய்ச் சுருண்டாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஐஸ்கிரீம் டப்பாவில் பாசியை விரித்து
ஹீட்டர் மேல் வைத்து
ஐந்து நாள் தண்ணீர் தெளித்தவன் நான்.
நான்காம் நாள் குழி விழுந்தது.
ஐந்தாம் நாள் நீலப் பூஞ்சை, ஒரு வாடை.
இந்த வீட்டில் கூமுட்டை எது என்று
அப்போதுதான் விளங்கியது.

ஹ்லவாச்சோவா அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு
"பாவம், பெற்றும் பிள்ளையில்லாத ஜென்மம்" என்றாள்.
அவள் இழந்தது பிள்ளையை அல்ல, அம்மணி,
சுண்ணாம்பை.
அறுநூற்று நாற்பது கிராம் இருந்தவள்
ஐந்நூற்றுப் பத்து.
முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்துகிறது.
அழுவதானால் அதற்கு அழுங்கள்.

இன்னும் எலியைத் தொடவில்லை.
வாலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புடைப்பு.
டாக்டர் வாவ்ரா கட்டைவிரலால் தடவி நிறுத்தினார்:
"ஒன்று உள்ளே நிற்கிறது.
இரண்டு நாள் வெந்நீரில் வையுங்கள்.
வராவிட்டால் கத்தி."
படிவத்தில்
பெயர்: ஓட்டகர். பால்: பெண்.
வரவேற்பில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.
நான் காலண்டரைப் பார்த்தேன்.

பாத்திரம் கழுவும் தொட்டி.
கைக்கு இதமான சூடு, அதற்கு மேல் கூடாது.
முதல் இரவு ஒன்றும் இல்லை.
இரண்டாம் இரவு என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டாள்.
அன்பு என்று சொல்ல மாட்டேன்;
பிடித்துக்கொள்ள அங்கே வேறு எதுவும் இல்லை.
குழாய் சொட்டியது.
ஆறிய தண்ணீரை மொண்டு ஊற்றி
சூடு சேர்த்து, மொண்டு ஊற்றி,
மூன்றரை மணிக்கு முதல் டிராம்
பாலத்தில் திரும்பும் கிறீச்சு கேட்டபோது
அவள் உடம்பில் ஒரு அலை
கழுத்திலிருந்து கிளம்பிக் கீழே போனது.
இன்னொன்று.
என் பிடி இறுகியதா அவளுடையதா தெரியாது.

நீளமாய், கோணலாய், பழுப்பாய்
தொட்டியின் அடியில் கிடந்தது.

இதற்கு டார்ச் அடிக்கவில்லை.
செய்தித்தாளில் சுற்றி
மற்றப் பதினான்கோடு குப்பையில் போட்டுவிட்டு
ஷிஃப்டுக்குக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை
மிகச் சின்னச் சுண்டெலி ஒன்றை வெந்நீரில் இளக்கி
வாலைப் பிடித்து ஆட்டினேன்.
பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கை வலித்து மாற்றப் போன நொடியில்
வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த தையிலும் இடுவாளாம்,
ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
பெரிய டப்பா ஒன்று வாங்க வேண்டும்.
பாசி இரண்டு பை.