அட்டையின் பின்பக்கம்

வால்விஸ் பேயில் மூடுபனி கரையேறும் நேரம்
எங்களுக்கு ஷிஃப்ட் தொடங்கும்.
வெள்ளை பூட்ஸ், வெள்ளைத் தொப்பி, காதில் ஆரஞ்சு அடைப்பான்.
பெல்ட்டில் ஹேக் மீன்கள் வாய்பிளந்து வந்துகொண்டே இருக்கும்.
எனக்கு எதிரே துயோலெனி.
நர்ஸிங் நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது வாரம் என்று
சம்பளக் கவரின் முதுகில் எழுதிக் காட்டினாள்,
மார்ச்சில் ஒருநாள்.

மெஷின் ஓடினால் அங்கே பேச்சில்லை.
கத்தினாலும் உதடுதான் அசையும்.
அதனால் கைகளால் படித்தோம்.

ஈரலைக் கத்திமுனையில் தூக்கிக் காட்டுவேன்.
உதட்டை விரித்து, மூடி, குவித்து
ஹெ ப டோ என்பாள்.
முதுகெலும்போடு ஒட்டிய கருஞ்சிவப்புக் கோடு சிறுநீரகம்.
நெஃப்ரோ. அதற்குக் கீழுதட்டைக் கடிக்கவேண்டும்.
ஐடிஸ் என்றால் அழற்சி: கன்னத்தை உப்புவோம்.
எக்டமி என்றால் வெட்டி எடுப்பது.
அதற்குச் சைகை வைக்கவில்லை,
நாள் முழுக்க அதுதானே வேலை.
டாக்கிகார்டியாவுக்கு
நெஞ்சில் இரண்டு விரலால் படபடவென்று தட்டுவது.
பிராடி என்றால் அதே விரல்கள், தூக்கக் கலக்கத்தில்.
சூப்பர்வைசர் ஒருமுறை பார்த்துவிட்டு
உங்கள் சபையில் இப்படித்தான் ஜெபமா என்று கேட்டார்.
ஆமாம் என்று தலையாட்டினோம்.

இரவில் குய்செப்மொண்ட்டில்
ஒரு வீட்டின் பின்னால் நாங்கள் வாடகைக்கிருந்த தகர அறை.
கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகளை வெட்டிய அட்டைகள்,
இருநூற்றுப் பதினாறு.
சொல் அவள் பக்கம், பொருள் என் பக்கம்.
அவள் தப்பாகச் சொன்னால் அட்டை அடுக்கின் அடிக்குப் போகும்,
சரியாகச் சொன்னால் பானைக்குள்.
எனக்கு அதில் வேலை, பிடித்துக்கொண்டிருப்பது.

ஒருநாள் டிஸ்ப்னியா வந்தது.
மூச்சுத்திணறல், என்றாள்.
நான் சரியென்று சொல்லாமல் அட்டையைத் திருப்பி
எழுத்துகளைப் பார்த்தேன்.
என் மகனின் கிளினிக் அட்டையில், தேதிக்குப் பக்கத்தில், அதே எழுத்துகள்.
ஆறு வருஷமாக அது டாக்டரின் பெயர் என்று நினைத்திருந்தேன்.
நல்ல மனுஷர், டாக்டர் டிஸ்ப்னியா,
ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்து வந்தார் என்று
ஊரில் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.
துயோலெனி சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.
நானும்தான்.
பையன் இப்போது ஒண்டாங்வாவில் பந்தடிக்கிறான்,
ஒன்றும் குறைவில்லை.
ஆனாலும் அந்த வாரம் முழுக்க
சோப்பு உறை, மாத்திரைப் பட்டை, விளம்பரத் தாள் என்று
எதைக் கண்டாலும் உரக்கப் படித்தேன்.

விண்ணப்பம் அனுப்பியதை அவளிடம் சொல்லவில்லை.
அறுபது இடங்கள்.
கனவு அவளுடையது, அட்டை அவளுடையது,
கத்தரிக்கோல்கூட அவளுடையது.
தபால் நிலையத்தில் கட்டணம் கட்டியபோது
அவள் பையிலிருந்து எடுத்த காசு போலவே
கையில் கனத்தது.

தேர்வன்று எனக்கு வேலையிருக்கிறது என்றேன்.
அவள் ஐந்து மணி டாக்ஸியில் போனாள்.
நான் ஐந்தரைக்கு.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல்,
நடுவில் ஸ்வாகோப்முண்ட் வரை என் வயிறு.
கேஸ்ட்ரோ.

பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு நாற்காலி.
மூன்று வரிசை முன்னால் அவள் பச்சைத் துணி கட்டிய தலை.
எலுமிச்சை தேய்த்துக் குளித்தும் போகாத மீன் வாசம்
என்னைக் காட்டிக்கொடுத்ததோ என்னவோ,
திரும்பினாள்.

முகத்தில் எதுவும் இல்லை. வெகுநேரம்.
பிறகு கை எழுந்தது.
இரண்டு விரல், நெஞ்சில், படபடவென்று.

கேட்கிறாளா, திட்டுகிறாளா,
தன் நெஞ்சைச் சொல்கிறாளா என்னுடையதையா?
அந்த அட்டைக்குப் பின்பக்கம் நாங்கள் எழுதியிருக்கவில்லை.
நானும் தட்டினேன்.

தாளைத் திருப்பலாம் என்றார் மேற்பார்வையாளர்.